தீர்ப்புக்குப் பின் ஒரு கேள்வி

குற்றம் செய்தவன் தண்டிக்கப்பட வேண்டுமா என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் தயங்காமல் ஆம் என்போம். எவ்வளவு தண்டனை என்று கேட்டால் தயக்கம் தொடங்கும். ஒரே குற்றத்தைச் செய்த இருவருக்கு ஒரே தண்டனையா, வெவ்வேறு தண்டனையா என்று மேலும் கேட்டுவிட்டால் தயக்கம் வாக்குவாதமாகிவிடும். இந்த வாதம் நீதிமன்றங்களில் மட்டும் நடப்பதன்று. நம் இல்லங்களிலும் நாள்தோறும் நடப்பதே. பன்னிரண்டு வயது மூத்தவனும் ஐந்து வயது இளையவளும் சேர்ந்து அண்டை வீட்டுப் பூந்தொட்டியை உடைத்து விடுகிறார்கள். தாய் மூத்தவனைக் கடிந்துகொண்டு இளையவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். ஓரவஞ்சனை என்று மூத்தவன் அழுகிறான். "அவளுக்கு என்னடா தெரியும்?" என்கிறாள் தாய். இருவர் கூற்றிலும் நியாயம் இருக்கிறது. தண்டனை சமமாக இருக்க வேண்டும் என்பது மகனின் கட்சி. தண்டிக்கப்படுபவரை அறிந்து தண்டிக்க வேண்டும் என்பது தாயின் கட்சி. தண்டனை முறையைத் திருத்த முயன்ற சட்ட அறிஞர்களும் இந்த இரு கட்சிகளாகவே பிரிந்து நின்றிருக்கிறார்கள் என்றால் மிகையாகாது.

வள்ளுவப் பெருந்தகை இச்சிக்கலை அறியாதவர் அல்லர். செங்கோன்மை அதிகாரத்தைத் தொடங்கும்போதே, குற்றத்தை ஆராய்ந்து, எவரிடத்தும் கண்ணோட்டம் கொள்ளாது, நடுநிலை தவறாமல் செய்வதே முறை என்று வகுத்தார். மூன்று அதிகாரங்கள் கடந்ததும் கண்ணோட்டத்துக்கென்றே தனி அதிகாரம் அமைத்து, அஃது இல்லாத கண்ணைப் புண்ணென்றே கருத வேண்டும் என்றார். கொலைத்தொழிலில் கொடியவரை ஒறுப்பது பயிர் வளரக் களை பறிப்பதற்கு நிகர் என்றவரும் அவரே. ஓங்கும்போது கடுமையாக ஓங்கி, அடிக்கும்போது அளவோடு அடிக்க வேண்டும் என்ற பொருள்படக் கூறியவரும் அவரே. நம் சங்க மேடைகளின் பட்டிமன்றங்களில் இவற்றுள் ஒன்றை ஒரு கட்சியினரும் மற்றொன்றை மறு கட்சியினரும் கையிலெடுத்துக்கொண்டு மோதுவதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். இரண்டையும் ஒருவரே, ஒரே நூலில், இத்தனை அருகில் வைத்தது ஏன் என்று கேட்பவரைத்தான் காணோம்.

இக்கேள்வியை ஏட்டில் மட்டும் வைத்து ஆராய்வதைவிட, அதனோடு வாழ்நாள் முழுவதும் மல்லாடிய ஒருவரின் பணியை வைத்து ஆராய்வது பயன் தரும் என்று எண்ணுகிறோம். அவர் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண ஐயர். பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் பயின்றவர். 1973 முதல் 1980 வரை, நாம் நாள்தோறும் பேருந்தில் கடந்து செல்லும் திலகர் சாலைக் கட்டடத்தில் உச்சநீதிமன்ற நீதிபதியாக அமர்ந்திருந்தவர். அவருடைய தீர்ப்புகளின் ஆங்கிலம் மிகக் கடினமானது, பி.ஏ. பட்டம் பெற்ற நம்போன்றோரும் அகராதியின் துணையின்றி ஒரு பக்கம் தாண்டுவது அரிது. அந்தச் சொல்லடுக்கைச் சிலர் அக்காலத்திலேயே குறை கூறினர். ஆனால் அகராதியை மூடிவைத்துவிட்டுப் பார்த்தால், அங்கே மிக எளிய ஒரு வினாவே எஞ்சி நிற்கிறது: தண்டனை செயலுக்கா, செய்தவனுக்கா?

நீதிபதியாகும் முன் அவர் ஏறியிறங்கிய படிகள் பல. 1938இல் தலச்சேரியில் தந்தையாரின் அலுவலகத்தில் வழக்கறிஞரானார். உழவர்களுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் வாதாடினார். 1948இல், பொதுவுடைமைக் கட்சியினருக்குச் சட்ட உதவி செய்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில் ஏறத்தாழ ஒரு மாதம் சிறையில் வைக்கப்பட்டார். 1952இல் சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினர். 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்டம், உள்துறை முதலியவற்றோடு சிறைத்துறையும் அவர் பொறுப்பில் வந்தது. 1968இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி. பின்னர்ச் சட்டக் குழு உறுப்பினர். சிறைக்குள் கைதியாக இருந்தவர், அதே சிறைகளுக்கு அமைச்சராகி, அதன்பின் பிறரைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரத்தோடு நீதிபீடத்தில் அமர்ந்தார். இத்தகைய வரிசை எத்தனை நீதிபதிகளுக்கு வாய்த்திருக்கும்? எழுதப்படும் ஆண்டுக் கணக்கு மதிலுக்கு உள்ளே எவ்வளவு நீளும் என்பதை அவர் பிறர் சொல்லக் கேட்டு அறிய வேண்டியிருக்கவில்லை.

அவர் உச்சநீதிமன்றத்துக்கு வந்த வேளையும் பொருத்தமானது. 1898ஆம் ஆண்டின் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், கொலைக் குற்றவாளிக்குத் தூக்கு விதிக்காவிட்டால் ஏன் விதிக்கவில்லை என்று நீதிபதி காரணம் எழுத வேண்டும். தூக்கே விதி, ஆயுள் தண்டனை விலக்கு. 1955இல் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. 1973ஆம் ஆண்டின் புதிய சட்டமோ நிலைமையைத் தலைகீழாக்கியது: தூக்கு விதித்தால் அதற்குச் சிறப்புக் காரணம் எழுத வேண்டும் என்று 354ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு கூறியது. அதனினும் முக்கியமானது 235ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது என்று தீர்ப்புக் கூறியபின், தண்டனையைப் பற்றி அந்த மனிதன் சொல்வதைத் தனியே கேட்டுவிட்டே தண்டனை விதிக்க வேண்டும் என்பது அது. குற்றம் செய்தாயா என்பது ஒரு கேள்வி. நீ யார் என்பது வேறொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கும் நம் சட்டத்தில் அன்றுதான் இடம் கிடைத்தது.

மத்திய அரசு எழுத்தர்களாகிய நமக்கு இவ்விடத்தில் வேறொன்றும் நினைவுக்கு வராமல் இராது. அரசியல் சட்டத்தின் 311ஆம் விதியில், ஓர் அரசு ஊழியரைப் பதவி நீக்கம் செய்யுமுன், குற்றச்சாட்டைப் பற்றி ஒரு வாய்ப்பும், விதிக்க எண்ணும் தண்டனையைப் பற்றி மற்றொரு வாய்ப்பும் அளிக்க வேண்டும் என்று முன்பு இருந்தது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அந்த இரண்டாவது வாய்ப்பை எடுத்துவிட்டது. கொலைக் குற்றவாளிக்குப் புதிதாகக் கிடைத்த உரிமை, மூன்றே ஆண்டுகளில் கோப்பு தவறவிட்ட குமாஸ்தாவிடமிருந்து போயிற்று! குறைப்படுவதற்காக இதைக் கூறவில்லை. தண்டனையைப் பற்றித் தனியே கேட்பது சட்டத்துக்கு எவ்வளவு சுமையாகத் தோன்றுகிறது என்பதற்கு இது நல்ல சான்று என்பதற்காகவே கூறினோம்.

புதிய சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே, 1974 பிப்ரவரியில், ஆந்திரத்து வழக்கொன்று அவர் முன் வந்தது. இருபத்துநான்கு வயதுப் பெண் ஒருத்தி, தன் காதலில் குறுக்கிட்ட மற்றொரு பெண்ணையும் அவளுடைய கைக்குழந்தையையும் கொன்றுவிட்டாள். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. செயலை மட்டும் நோக்கினால் எவர் நெஞ்சும் பதறும். கிருஷ்ண ஐயர் செயலை மறைக்கவில்லை, சிறுமைப்படுத்தவும் இல்லை. ஆனால் செய்தவளையும் பார்த்தார். மாமனாரால் அடித்துக் கணவன் வீட்டிலிருந்து விரட்டப்பட்டவள், பிறந்த வீட்டில் ஒற்றை மகனோடு ஒண்டியிருந்தவள், இளம் வயது, தூக்குக் கயிறு ஆண்டுக் கணக்காகத் தலைக்குமேல் தொங்கிய வேதனை. இவற்றையெல்லாம் எடை போட்டுத் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார். வயது, சூழ்நிலை, நெடிய காத்திருப்பு ஆகியவை தண்டனையைத் தீர்மானிக்கையில் எண்ணத்தக்கவை என்று அத்தீர்ப்பு வெளிப்படையாக வகுத்துச் சொன்னது. பின்வந்த நீதிபதிகள் பலர் அதை எடுத்தாண்டனர்.

1977இல் வந்த மற்றொரு வழக்கு, தலைநகருக்கு வேலை தேடி வந்த குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கமானது. அரசாங்கத்தில் வேலை வாங்கித் தருவதாக ஆசை காட்டி இளைஞர்களிடம் பணம் பறித்த ஒருவனின் வழக்கு அது. இப்படி ஏமாந்தவர்கள் நம் குடியிருப்புகளிலும் உண்டு; தாலியை அடகு வைத்துக் கொடுத்த பணத்தை எண்ணி இன்றும் பெருமூச்சு விடும் தாய்மார் உண்டு. ஆகவே, குற்றவாளிக்கு இருபத்தெட்டு வயது என்றும், படித்தவன் என்றும் சொல்லித் தண்டனையை மூன்று ஆண்டிலிருந்து பதினெட்டு மாதமாகக் குறைத்தார் என்று படிக்கையில் முதலில் நமக்குச் சினமே எழுகிறது. மேலே படித்தால்தான் அவர் எங்கே போகிறார் என்பது விளங்கும். குற்றத்தை ஒரு நோய்க்கு ஒப்பிட்டு, குற்றவாளியைச் சாதாரணமாக மீட்டெடுக்க முடியும் என்று தொடங்குகிறார். சிறையில் அவனுக்கு மூளையை மழுங்கடிக்கும் எந்திர வேலை தராமல், அறிவுக்கு உரிய வேலையைச் சிறிது உடலுழைப்போடு தர வேண்டும் என்கிறார்; ஏமாந்தவனுக்குப் பணம் போய்ச் சேர அபராதமும் விதிக்கிறார். பதினெட்டு மாதம் கழித்து அவன் வெளியே வரத்தான் போகிறான். எப்படிப்பட்டவனாக வரப்போகிறான் என்பதே அவருடைய கவலை. மூன்று ஆண்டைப் பதினெட்டு மாதமாக்கியதில் நமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் சிறைக்குள் என்ன நடக்க வேண்டும் என்று தீர்ப்பிலேயே எழுதிய நீதிபதிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இது தமிழ் மரபுக்குப் புதிதன்று. அமுதசுரபி ஏந்திய மணிமேகலை சோழ மன்னனிடம் கேட்டது பொன்னும் பொருளும் அல்ல. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக ஆக்க வேண்டும் என்பதே அவள் வேண்டுகோள். காப்பியத்தில் மன்னன் உடனே இசைந்தான். திகார்ச் சிறையின் கதை அவ்வளவு எளிதாக முடியவில்லை. அங்கே ஒரு கைதி சித்திரவதை செய்யப்பட்டதை மற்றொரு கைதி கடிதமாக எழுதி உச்சநீதிமன்றத்துக்கு அனுப்பினார். கிருஷ்ண ஐயர் அக்கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்று 1979 டிசம்பரில் தீர்ப்பு வழங்கினார். தண்டனை என்பது நீதிமன்றம் எழுதியது மட்டுமே. அதற்குமேல் சிறை அதிகாரி தன் கையால் ஒரு துளியும் சேர்க்கக் கூடாது என்பது அதன் சாரம். ஜனக்புரிப் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் நாள்தோறும் அந்த மதிலைக் கடந்து போகிறார்கள்.

ஜாமீனைப் பற்றி அவர் 1978இல் எழுதியதையும் ஒரு வரியில் குறிப்பிட்டாக வேண்டும். ஏனெனில் அதில் நாமே இடம் பெற்றிருக்கிறோம். ஏழைக் கொத்தனார் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டு, பிணை நின்ற சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளது என்று அதையும் கீழ்நீதிமன்றம் மறுத்துவிட்டது. தொகையை ஆயிரமாகக் குறைத்த கிருஷ்ண ஐயர், ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ சாந்தினி சௌக்கில் கைதானால் அங்கே சொத்துள்ள பிணையாளிக்கு எங்கே போவார் என்று கேட்டார். குற்றம் மெய்ப்பிக்கப்படும் முன்பே, ஊர்விட்டு வந்த குற்றத்துக்காக ஒருவன் தண்டனை அனுபவிக்கிறான் என்பதைத் தில்லியில் அமர்ந்திருந்த அவர் உணர்ந்திருந்தார்.

இனித் தூக்குத் தண்டனைக்கு வருவோம். 1979 பிப்ரவரியில் மூவர் கொண்ட அமர்வில் இருவர் பெரும்பான்மையாக, கிருஷ்ண ஐயர் தம் கொள்கையை அதன் எல்லைவரை கொண்டு சென்றார். சிறப்புக் காரணம் என்று சட்டம் கூறுவது குற்றத்தின் கொடுமையை அல்ல. உயிரோடு விட்டால் சமுதாயத்தின் பாதுகாப்புக்கே ஆபத்தானவன் என்ற நிலையில்தான் ஒருவனைத் தூக்கிலிடலாம் என்றார். மூன்றாவது நீதிபதி ஏ. பி. சென் மறுத்தார். இப்படி எல்லை வகுப்பது நாடாளுமன்றத்தின் வேலை, நீதிமன்றத்தின் வேலை அன்று என்பது அவர் வாதம். மறு ஆண்டே, பச்சன் சிங் வழக்கில் ஐவர் கொண்ட அமர்வு இதைத் தீர்மானித்தது. நால்வர் பெரும்பான்மை தூக்குத் தண்டனையைச் செல்லும் என்றது. குற்றத்தையும் பார்க்க வேண்டும், குற்றவாளியையும் பார்க்க வேண்டும் என்றது. அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே தூக்கு என்ற புகழ்பெற்ற அளவுகோலையும் தந்தது. குற்றவாளியை மட்டும் பார்க்க வேண்டும் என்ற கிருஷ்ண ஐயரின் கொள்கை அங்கே தோற்றது. குற்றவாளியையும் பார்த்தே தீர வேண்டும் என்ற அளவில் வென்றது. பாதி வெற்றி என்போம்.

ஆயினும் தாயின் கட்சியைப் பற்றி இதுவரை பேசிவிட்டு, அழுதுகொண்டு நிற்கும் மூத்த மகனை மறந்துவிடல் தகாது. அவன் பக்கத்துக்கு வலிமை சேர்க்கும் வழக்கு ஒன்று 1982 பிப்ரவரியில் உச்சநீதிமன்றத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. உத்தரப்பிரதேசத்தில் மூவர் ஒரே குற்றத்தை, ஒரே அளவு பங்கோடு செய்தனர். மூவருக்கும் தூக்கு. மூவரும் தனித்தனியே உச்சநீதிமன்றத்தை அணுகினர். ஒருவருடைய மனு ஓர் அமர்வில் தள்ளுபடியாயிற்று. மற்றொருவருக்கு வேறோர் அமர்வு 1977இல் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. மூன்றாமவரின் மனு இன்னோர் அமர்வில் தள்ளுபடி. முதலாமவர் மறுஆய்வு மனு போடவில்லை. 1981 அக்டோபர் 6ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். மூன்றாமவர் தூக்கு மேடையை நெருங்கிய வேளையில்தான், உடன் குற்றவாளி ஒருவர் உயிரோடு சிறையில் இருக்கிறார் என்பது நீதிமன்றத்தின் கவனத்தில் பதிந்தது. தண்டனை நிறுத்தப்பட்டு, குடியரசுத் தலைவரின் கருணைக்குப் பரிந்துரைக்கப்பட்டது. தூக்கிலிடப்பட்டவருக்கு என்ன செய்வது? பச்சன் சிங் வழக்கில் மாறுபட்டு நின்ற ஐந்தாவது நீதிபதி பி. என். பகவதி, அவ்வாண்டு ஆகஸ்டில் எழுதிய தம் தீர்ப்பில் இவ்வழக்கையே சுட்டிக்காட்டினார். எந்த அமர்வின் முன் வழக்கு வருகிறது என்பதைப் பொறுத்து உயிர் நிலைக்குமெனில் அது நீதியாகுமா?

இதே அச்சம் கடல் கடந்தும் எழுந்ததுண்டு. கிருஷ்ண ஐயர் உச்சநீதிமன்றம் வந்த அதே 1973இல், நியூயார்க் நகரில் கூட்டாட்சி நீதிபதியாக இருந்த மார்வின் ஃபிராங்கல், அமெரிக்க நீதிபதிகள் தண்டனை விதிக்கும் முறையில் சட்டமே இல்லை, ஒவ்வொருவர் மனப்போக்கே சட்டமாகிறது என்று ஒரு நூலில் வாதிட்டார். அவரும் கருணை மிக்கவரே. ஆனால் நீதிபதிக்கு நீதிபதி மாறும் கருணையை அவர் நம்பவில்லை. அந்நூல் மூட்டிய விவாதத்தின் பயனாக 1984இல் ஒரு சட்டமும், 1987 நவம்பரில் ஒரு தண்டனை அட்டவணையும் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தன. குற்றத்தின் தரத்துக்கு 43 படிகள், பழைய குற்றங்களுக்கு 6 நெடுவரிசைகள், ஆக 258 கட்டங்கள். வரிசையும் படியும் கூடும் கட்டத்தில் இத்தனை மாதம் முதல் இத்தனை மாதம் வரை என்று எழுதியிருக்கும். ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில் நம் அடிப்படைச் சம்பளத்தைத் தேடிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை! சம்பளத்துக்கு அம்முறை பொருந்துகிறது. மகள் திருமணத்துக்குக் கடன்பட்டவருக்கும் கடனில்லாதவருக்கும் ஒரே கட்டம் என்பதில் எவரும் குறை காண்பதில்லை. மனிதனின் ஆயுளுக்கு அது பொருந்துமா? கட்டங்களின் இறுக்கத்தை அமெரிக்க நீதிபதிகள் பலரே எதிர்த்தனர். 2005இல் அவர்கள் நாட்டு உச்சநீதிமன்றம், அட்டவணை ஆலோசனையாக இருக்கலாம், கட்டாயமாக இருக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

அப்படியானால் எக்கட்சி சரி? மூவர் வழக்கை நாம் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்ததில், அது தாயின் கட்சிக்கு எதிரான சான்று போலத் தோன்றினாலும் உண்மையில் அப்படியன்று என்றே படுகிறது. அம்மூவரில் ஒருவர் பிழைத்ததும் ஒருவர் மாண்டதும், நீதிபதிகள் ஒவ்வொருவரையும் ஆழ்ந்து அறிந்து வேறுபடுத்தியதால் நேர்ந்தவை அல்ல. அறியாததால் நேர்ந்தவை. ஒருவருக்கு மறுஆய்வு மனு எழுத ஆள் இல்லை. ஒருவருடைய கோப்பில் மற்றவரின் தண்டனை குறைந்த செய்தி உரிய இடத்தில், உரிய நேரத்தில் ஏறவில்லை. இருபது ஆண்டுக்கும் மேலாகக் கோப்பும் குறிப்புமாக வாழ்கிற நமக்கு இதைப் படிக்கையில் வயிறு கலங்குகிறது. இரண்டு வரிக் குறிப்பு. இன்ன தேதியில் இன்ன அமர்வு உடன் குற்றவாளிக்குத் தண்டனையைக் குறைத்துள்ளது என்ற அளவுக்கு மேல் ஒன்றுமில்லை. அது இருந்திருந்தால் ஒரு மனிதன் இருந்திருப்பான். இனித் தூக்கிலிடுமுன், உடன் குற்றவாளி எவருக்கேனும் தண்டனை குறைக்கப்பட்டிருக்கிறதா என்று சிறை அதிகாரிகளே விசாரித்தறிந்து நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அவ்வழக்கில் கட்டளை பிறந்தது. கட்டளை நன்று. அதை உயிர் கொடுத்துப் பெற வேண்டியிருந்தது.

ஆகவே சமமாக இருக்க வேண்டுவது தண்டனையின் அளவைக் காட்டிலும் விசாரணையின் அளவே என்பது நம் துணிபு. வள்ளுவர் ஆராய்தலை முதலில் வைத்து, கண்ணோடாமையை அடுத்து வைத்ததன் பொருள் அதுவாக இருக்கலாம். ஒருவனை முற்ற அறிந்து, மற்றவனை முகம்கூடப் பாராமல் விட்டால், அறிந்தவனுக்குக் காட்டும் இரக்கம் ஓரவஞ்சனையாகிவிடுகிறது. இருவரையும் ஒரே அளவு அறிந்தபின் தண்டனை வேறுபட்டால் அது வேறு. வசதியுள்ளவன் வழக்கறிஞர் வைத்துத் தன் கதையைச் சொல்லிவிடுகிறான். ஏழையின் கதையோ, சொல்ல ஆளின்றி அவனுடனேயே சிறைக்குள் போய்விடுகிறது. 235ஆம் பிரிவின் கேள்வி பல நீதிமன்றங்களில் சடங்காகிவிட்டது என்பதைச் சட்டத்துறை நண்பர்கள் மறுப்பதில்லை. குற்றவாளி என்று அறிவித்த அன்றே, ஐயா இவர் ஏழை, வயதான பெற்றோர் இருக்கிறார்கள், முன்பு குற்றம் செய்ததில்லை என்று வழக்கறிஞர் மூன்று வாக்கியம் சொல்லுவார். தண்டனை எழுதப்பட்டுவிடும்.

இங்கே ஒரு குரல் நியாயமாகவே எழும். கொன்றவள் மாமனாரிடம் அடிபட்டது இருக்கட்டும். கொல்லப்பட்டவளும் அவள் குழந்தையும் என்ன பாவம் செய்தனர்? அவர்களின் உற்றாருக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் என்ன ஆறுதல்? இக்குரலை அலட்சியம் செய்யும் எந்தச் சீர்திருத்தமும் மக்கள் மனத்தில் வேர்கொள்ளாது. கிருஷ்ண ஐயர் இதை உணராதவர் அல்லர். லாரி ஓட்டுநர் ஒருவரின் அசட்டையால் நேர்ந்த மரண வழக்கில், பாதிக்கப்பட்டவரையும் அவரைச் சார்ந்தவர்களையும் கண்ணெடுத்துப் பாராதது நம் சட்டத்தின் பெருங்குறை என்று அவரே எழுதினார். ஆனால் இறந்தவரின் குடும்பத்துக்கு நாம் செய்ய வேண்டியது பொருளுதவி, மறுவாழ்வு, அவர்கள் சொல்வதற்குக் காது கொடுத்தல். இவற்றுள் எதையும் செய்யாமல், பதிலுக்கு ஒருவனைத் தூக்கில் போட்டுவிட்டோம் என்று கணக்கை மூடுவது அவர்களுக்கும் செய்யும் வஞ்சனையே.

தம் கொள்கைக்கு மாறான சட்டம் முன் வந்தபோது அவர் என்ன செய்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கொலைக் குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவர் குறைந்தது பதினான்கு ஆண்டு சிறையில் இருந்தே தீர வேண்டும் என்று 1978இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. திருந்தியவனை முன்னதாகவே விடுவிக்கும் வழியை அது அடைத்தது. அவர் வாழ்நாள் முழுதும் பேசியதற்கு நேர் எதிரானது. அச்சட்டம் செல்லுமா என்ற வழக்கு 1980 நவம்பரில், அவர் ஓய்வு பெற்ற அதே மாதத்தில் தீர்ந்தது. செல்லும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் கிருஷ்ண ஐயரே. தமக்குப் பிடிக்காத சட்டம் என்பதற்காக அதைச் செல்லாததாக்க அவர் முனையவில்லை. குடியரசுத் தலைவரும் ஆளுநரும் தண்டனையைக் குறைக்கும் அரசியல் சட்ட அதிகாரத்தை அது தொடாது என்று மட்டும் தெளிவாக்கினார். 1979இல் எல்லை மீறினார் என்று அவரைக் குறை கூறுவோர் இத்தீர்ப்பையும் படிக்க வேண்டும். ஓய்வுக்குப்பின் கொச்சியில் வாழ்ந்து, நூல்களும் மேடைப் பேச்சுமாக இதே பணியைத் தொடர்ந்து, 2014 டிசம்பர் 4ஆம் நாள் மறைந்தார்.

இன்று சட்டத்தின் பெயரும் எண்ணும் மாறிவிட்டன. 2024 ஜூலை 1 முதல் பழைய 235ஆம் பிரிவு, புதிய சன்ஹிதாவில் 258 ஆகிவிட்டது, கேள்வி அதேதான். ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடியவன் அதைத் திருப்பித் தந்தால் அவனுக்குச் சமுதாயப் பணியே தண்டனை என்று ஒரு புதிய வழியும் திறந்திருக்கிறது. 2022இல் உச்சநீதிமன்றம், தூக்கு வரக்கூடிய வழக்குகளில் குற்றவாளியின் வளர்ப்பு, கல்வி, குடும்பம், மனநிலை, சிறையில் நடத்தை ஆகியவற்றைப் பற்றிய விவரங்களை விசாரணை நீதிமன்றமே கேட்டுப் பெற வேண்டும் என்று கூறியது. குற்றவாளி என்று அறிவித்தபின் அவன் தன்னைப் பற்றிச் சொல்லப் போதிய அவகாசம் எது என்ற கேள்வியை, அதே ஆண்டு செப்டம்பரில் ஐவர் அமர்வின் முன் வைத்தது.

அந்த விவரங்களை யார் திரட்டித் தருவது என்பதில்தான் நம் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. தருமபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஓர் இளைஞன் தில்லி நீதிமன்றம் ஒன்றில் நிற்கிறான் என்று கொள்வோம். தண்டனையைப் பற்றி உனக்கு ஏதேனும் சொல்ல இருக்கிறதா என்று இந்தியில் கேட்கிறார்கள். அவனுடைய கதை முழுவதும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், தமிழில் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழ் அங்கே. அவனை வளர்த்த பாட்டி அங்கே. அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லக்கூடிய ஆசிரியர் அங்கே. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் அவனுக்கு வழக்கறிஞரைக் கொடுக்கும். பாட்டியின் தமிழை மொழிபெயர்க்க அவ்வழக்கறிஞர் ஆளுக்கு எங்கே போவார்? நம் பிள்ளைகளுள் சட்டம் படித்தோர் இப்போது பலர். நம்போல் ஓய்வை எதிர்நோக்கியிருக்கும் எழுத்தர்களுக்கோ கடிதம் எழுதவும், பதில் வராவிட்டால் நினைவூட்டல் அனுப்பவும், வந்த பதிலை இந்தியிலும் ஆங்கிலத்திலும் பெயர்த்துக் கோப்பில் வரிசையாகச் சேர்க்கவும் நன்றாகவே தெரியும். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சங்கக் கட்டடத்தின் மாடி அறை பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. அதன் சாவியை இரண்டு மணி நேரம் கேட்டுப் பெறுவது செயற்குழுவுக்குப் பெரிய காரியமாக இராது.